எந்தத் தண்ணீர்

"எந்தத் தண்ணின்னு யாரும்மா உங்களைக் கேட்டா?" என்று துணை இயக்குநர் ஞானசிகாமணி கேட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மங்கையர்க்கரசி சாப்பிட்டாயிற்று, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று, கையைத் துடைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்தும் ஆயிற்று. அந்தக் கேள்வி மட்டும் தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி நெஞ்சுக்குழியிலேயே நின்றது. யாரும் கேட்கவில்லைதான். காவல் நிலையத்திலிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: இறந்தவரின் தொடையெலும்பு மஜ்ஜையில் டயாட்டம் உள்ளதா, இல்லையா. உயிரோடு மூழ்குகிறவர்கள் தண்ணீரை நுரையீரலுக்குள் இழுக்கிறார்கள், தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியும் போகிறது, அதற்கு மேலே கண்ணாடியாலான ஓடு, இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் அந்த ஓடுகளைத் தூக்கிக்கொண்டுபோய் எலும்புக்குள்ளே போட்டுவிடும். செத்த உடம்பைத் தண்ணீரில் தள்ளினால் போகாது. உள்ளது என்றால் மூழ்கி இறந்தாள், கோப்பை மூடலாம். ஒரு சொல். பத்தொன்பது வருஷமாக இந்தத் தடய அறிவியல் கூடத்தில் அந்த ஒரு சொல்லை எழுதித்தான் அவள் சம்பளம் வாங்கியிருக்கிறாள். யாரும் கேட்கவில்லை என்பதையே ஒரு பதில் மாதிரி எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல். கேட்காவிட்டால் என்ன? கேட்கத் தெரியாதவன் கேட்கவில்லை, தெரிந்தவள் சொல்லக்கூடாதா? இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். சரி சார். அதை நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது.

முதலில் உடல் கிடந்த ஏரியின் ஸ்லைடு. நானூறு ஓடு எண்ண வேண்டும், இடது கை எண்ணும் பொத்தானில், வலது கை திருகில். வெண்ணாவலேரித் தண்ணீர் அவளுக்குப் புதிதில்லை. மாவட்டத்தில் இருக்கிற ஏழு பெரிய ஏரிகளிலிருந்தும் பருவத்துக்கு ஒரு தரம் அவளாகவே தண்ணீர் எடுத்து, எந்த இனம் எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு என்று ஆறு வருஷமாகப் பதிவேடு வைத்திருக்கிறாள். யாரும் கேட்காத இன்னொரு வேலை. 'பாசி மேடம்' என்று மாடியில் நச்சுப் பிரிவுக்காரர்கள் பெயர் வைத்ததும் தெரியும். தைப் பனியில் பரிசல்காரர் ஏகாம்பரத்தோடு வெண்ணாவலேரியின் நடுவுக்குப் போவாள். கரை ஒரு கோடாகத் தேய்ந்துபோகும் இடத்தில் அவர் துடுப்பை நிறுத்துவார், அவள் பாட்டிலைக் கயிற்றில் இறக்குவாள், ஒன்றுமே இல்லாத பச்சைத் தண்ணீர் என்று அவர் சொல்வார். ஒன்றுமே இல்லாததா? இதோ, மூங்கில் கழியைக் கணு கணுவாக அடுக்கிய மாதிரி ஆலகோசீரா, நூற்று எழுபது, எழுபத்தொன்று, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டவட்டமாகச் சைக்ளோடெல்லா, பொத்தான் மேல் பொத்தான், எண்ணி மாளவில்லை. அகலமான ஏரிகளின் திறந்த தண்ணீரில் மிதக்கிறவை இவை. காற்று அடிக்கிற, அலை புரள்கிற, ஆழம் இருக்கிற தண்ணீர் வேண்டும் இவற்றுக்கு. எந்த மாதம் அள்ளினாலும் வெண்ணாவலேரி இந்த இரண்டு பெயரைத்தான் முதலில் சொல்லும். அந்த ஏரியில் ஒருத்தி விழுந்து மூச்சை இழுத்தால் ஒரு வாய்க்குப் பல்லாயிரம் பொத்தான் உள்ளே போகும். நானூறு. எண்ணும் பொத்தானை விட்டாள். விரல் நுனி மரத்திருந்தது. இந்த ஸ்லைடில் கோபப்பட ஒன்றுமில்லை, ஏரி ஏரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து மஜ்ஜையின் ஸ்லைடை வைத்தாள், காலையில் இரண்டு தரம் பார்த்ததுதான். குற்ற எண்ணும் வருஷமும் மட்டும் எழுதிய ஒட்டுத்தாள். பெயர் எழுதக்கூடாது. பெயர் வினோதினி, வயது இருபத்தாறு, கல்யாணமாகி ஒன்றரை வருஷம், துணி துவைக்க ஏரிக்குப் போனவள் படியில் வழுக்கி விழுந்தாள் என்று கணவன் வாக்குமூலம். முப்பத்தொரு ஓடுகள். மூன்று ஸ்லைடிலும் சேர்த்து, முன்னும் பின்னும் ஊர்ந்து ஊர்ந்து தேடி, முப்பத்தொன்று. அதில் ஒரு பொத்தான் கிடையாது. ஒரு மூங்கில் கணு கிடையாது. இருபத்திரண்டு லூட்டிகோலா, நடுவில் ஒரு பக்கம் மட்டும் மூக்குத்தி குத்திய மாதிரி தனிப் புள்ளி வைத்த இனம். மிச்சம் ஒன்பதும் அதனோடு கூடவே வளர்கிற சின்ன நாவிக்யூலாக்கள். லூட்டிகோலா திறந்த ஏரியில் மிதப்பதில்லை. ஈரச் சுவரில், கசிகிற பாறையில், கழுவாத சிமெண்டில் ஒட்டி வாழ்கிற பாசி அது. ஆறு வருஷப் பதிவேட்டில் வெண்ணாவலேரி நடுத்தண்ணீரில் அது ஒரு தரம்கூட வந்ததில்லை. இருந்தாலும் மனசு எதிர்க்கட்சி வக்கீலாக எழுந்து நின்றது: கூடத்துக் குழாய்த் தண்ணீரிலிருந்து வந்திருக்கலாமே? இல்லை, அதே அமிலம், அதே காய்ச்சி வடித்த வாலைநீர், அதே சோதனைக்குழாய், மஜ்ஜை மட்டும் போடாமல் ஒரு வெற்றுச் சோதனையும் செய்தாள், அதில் பூஜ்யம். மதகுச் சுவரில் இருக்குமே? இருக்கிறது, அவளே சுரண்டி எடுத்துப் பார்த்திருக்கிறாள், ஆனால் மதகடியில் விழுந்தாலும் வாயில் போவது ஏரித் தண்ணீர்தானே, பொத்தான் ஒன்றாவது இல்லாமல் எப்படி? மூங்கில் கணு மாதிரி நீளச் சங்கிலி நுரையீரலைத் தாண்டாது, ஒப்புக்கொள்கிறேன். சின்னப் பொத்தான் தாண்டுமே. ஏரியில் மூழ்கியவர்களில் அது வந்து சேராத எலும்பை அவள் பார்த்ததில்லை. அந்தப் பெண் எங்கேயோ ஒரு பாசி பிடித்த சிமெண்டுக்கு முகத்தைக் கொடுத்து மூச்சை இழுத்திருக்கிறாள். கொடுத்து என்ன கொடுத்து. யாரோ பிடரியைப் பிடித்து. மங்கையர்க்கரசி கண்ணை லென்ஸிலிருந்து எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மேல்கூடக் கோபம் வந்தது.

வினோதினியின் அப்பா சின்னராசு, புறவழிச்சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், ஐந்து வாரத்துக்கு முன்னால் இந்த வாசலுக்கு வந்திருந்தார். காவலாளி உள்ளே விடவில்லை, அவள்தான் பேருந்துக்குப் போகிற வழியில் மாட்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. "அம்மா, எம்பொண்ணு எட்டு வயசுல இருந்து கெணத்துல குதிச்சவம்மா. மேல இருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிப்பா. அவளாம்மா படியில வழுக்கிச் செத்தா?" என்று கேட்டார். அவள் என்ன சொன்னாள்? விசாரணை நடக்குது, நாங்க எதுவும் பேசக்கூடாதுங்க. அவர் பையிலிருந்து ஒரு பழைய ஜூஸ் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். காரியத்தன்று சம்பந்தி வீட்டுக்குப் போனபோது குளியலறைச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து யாருக்கும் தெரியாமல் மொண்டு வந்தாராம். "இந்தத் தண்ணியையும் கொஞ்சம் பாத்துருங்கம்மா." அவளுக்கு அப்போது சந்தேகமே இல்லை, வேலைதான் இருந்தது, ஆறு மணி பேருந்து இருந்தது. இப்படி வாங்க முடியாதுங்க, போலீஸ் மூலமா சீல் வச்சு வந்தாத்தான் செல்லும், நான் வாங்கினா உங்க கேஸுக்குத்தான் கெடுதல். அத்தனையும் உண்மை. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவர் பாட்டிலைத் திருப்பி வாங்கி, மூடியை இன்னொரு முறை இறுக்கி, சரிம்மா என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டார். அந்த 'சரிம்மா'வும் இன்று காலையில் அவள் சொன்ன 'சரி சார்' என்பதும் ஒரே மாதிரிதான் ஒலித்திருக்கும். பஞ்சர் ஒட்டுகிற மனுஷனுக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்கத் தோன்றியது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று பார்த்தே பிழைத்தவர், அவருக்குத் தோன்றியது. படித்தவர்கள் நாலு பேருக்குத் தோன்றவில்லை, தோன்றியிருக்க வேண்டியவளுக்குப் பேருந்து. அவள் குறைந்தபட்சம் விசாரணை அதிகாரிக்கு ஒரு தாள் எழுதிப் போட்டிருக்கலாம், இப்படி ஒருவர் வந்தார், தொட்டி என்று ஒன்று இருக்கிறது என்று. எழுதவில்லை. ஐந்து வாரம்.

போன் மேஜைமேல் ஊர்ந்தது. கணவர் திருமாறன். 'ஞாயிறு 10 மணிக்கு வர்றாங்க. இசைவாணி கிட்ட சொல்லிட்டேன். நீ உன் ஆபீஸ் கதை எதுவும் எடுக்காதே.' மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். சொந்த வீடு, ஒரே பையன், அமைதியான குடும்பம் என்று தரகர் சொன்னது. அமைதியான குடும்பம் என்றால் என்ன அர்த்தம், யார் அங்கே அமைதியாக இருப்பது? இசைவாணியின் கழுத்து மெலிந்தது, பின்னலை முன்னால் தள்ளிவிட்டுச் சாப்பிடக் குனிந்தால் பின்கழுத்தில் எலும்பு தெரியும், ஒரு கைக்குள் அடங்கிவிடும். சீ. நினைக்காதே. நினைக்காமல் எப்படி? தனக்குப் பதினோரு வயதில் மாமா மகன் குணா தன்னை ஏரியில் அமுக்கியது ஞாபகம் வந்தது, எத்தனையோ வருஷமாக வராதது. விளையாட்டுத்தான். எல்லாரும் கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளங்கை உச்சந்தலையில், முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு கை எடுபடவில்லை, பிறகு பச்சை, காதுக்குள்ளே ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம், மூச்சை இழுக்கக்கூடாது இழுக்கக்கூடாது என்று எண்ணிக்கொண்டிருந்தவள் இழுத்துவிட்டாள். மூக்கிலிருந்து மண்டை வரை நெருப்பு. தண்ணீர் எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே வந்து இருமி வாந்தி எடுத்தபோது அத்தை சொன்னாள், பசங்க விளையாட்டுக்குப் பண்ணினா இப்படியா ஊரைக் கூட்டுவ. அம்மா துண்டால் தலையைத் துவட்டினாள், வேகமாக, கோபமாக, யார்மேல் கோபம் என்று சொல்லாமலே. அந்த ஏரியின் ஓடுகள் இன்னும் அவள் எலும்புக்குள் எங்காவது இருக்கும். அமிலத்தில் வேகவைத்து எடுத்தால் பெயர் சொல்லிவிடலாம், எந்த ஏரி, எந்தப் பருவம். யார் கை என்பதைச் சொல்ல முடியாது. அதுதான் இந்த வேலையின் லட்சணம். தண்ணீரைச் சொல்லலாம், கையைச் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரைக்கூடச் சொல்லாதே என்கிறார் ஞானசிகாமணி.

இதற்குப் பிறகுதான் அந்தப் பழைய நினைப்பு வந்தது, வரக்கூடாதென்று மதியத்திலிருந்து அவள் தள்ளிக்கொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கிணற்றில் கிடந்த ஒரு பெண். ஊர் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. மஜ்ஜையில் ஓடுகள் இருந்தன, உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்ன ஓடு என்று பார்த்தாளா? பார்த்திருப்பாள், பெயர் அப்போதே தெரியும், முதுகலையில் பாசியியல் படித்தவள்தானே. பார்த்தது மனசில் இல்லை. கிணற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டாளா? இல்லை. யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு இதே சொல்லைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஞானசிகாமணி சொல்லித்தரவில்லை. அது மாதிரி எத்தனை கோப்பு? அறுபது? எழுபது? அவற்றில் எத்தனை பேர் வேறு தண்ணீரில் செத்தவர்கள்? வாளியில், தொட்டியில், குளியலறையில் செத்துவிட்டு, பிறகு ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்கள்? ஸ்லைடுகள் கழித்துக்கட்டப்பட்டுவிட்டன, ஐந்து வருஷம்தான் வைத்திருப்பார்கள். திரும்ப எண்ண முடியாது. பதிவேட்டை ஆரம்பித்ததே அதனால்தானோ என்னவோ, ஏரி ஏரியாகத் தண்ணீர் அள்ளியது ஆராய்ச்சி ஆசை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஏகாம்பரம் ஒருமுறை கேட்டார், எதுக்கும்மா கவர்மெண்டு சம்பளம் வாங்கிட்டு லீவு நாள்ல வந்து இந்த வெயில்ல? சும்மாதான், என்றாள். சும்மாதானாம். மங்கையர்க்கரசிக்கு இப்போது யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. சாரின் மேல் ஆரம்பித்தது குணாவுக்குப் போய், அத்தைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வரப்போகிற முகம் தெரியாத அமைதியான குடும்பத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்துவிட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கணினியில் அறிக்கையைத் திறந்தாள். உள்ளது என்று அடித்தாள். நிறுத்தவில்லை. கீழே இரண்டு பத்தி போட்டாள், மஜ்ஜையில் கண்டவை ஒரு பக்கம், வெண்ணாவலேரியில் கண்டவை மறுபக்கம், பெயர், எண்ணிக்கை. இரண்டுக்கும் பொதுவான இனம் எதுவும் இல்லை. மூழ்கிய நீர் வெண்ணாவலேரியின் நீருடன் ஒத்துப்போகவில்லை. ஈரச் சுவர் கொண்ட சிறிய நீர்த்தேக்கமாக இருக்கக்கூடும். இறந்தவர் வசித்த வீட்டின் நீர் மாதிரிகளும் தொட்டிச் சுவர்ச் சுரண்டல்களும் முத்திரையிட்டு அனுப்பப்பட வேண்டும். அச்செடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கொஞ்சம் கிழித்தது.

ஞானசிகாமணி நின்றபடியே படித்தார். ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிற மனுஷர், மேஜையில் தேங்கிய கோப்புகள் அவர் மார்பு உயரத்துக்கு இருந்தன. கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல், கெட்டவராக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். "காலையிலேயே சொன்னேன்ல?" என்றார். "சொன்னீங்க சார்." "நாளைக்குக் கோர்ட்ல உங்களை ஏத்தி வச்சுக் கேப்பான். முப்பத்தொரு ஓட்டை வச்சு ஒரு குடும்பத்தையே கொலைகாரங்கன்னு சொல்றீங்களாம்மான்னு கேப்பான். என்ன சொல்வீங்க?" "நான் யாரையும் கொலைகாரன்னு எழுதல சார். இந்த ஏரி இல்லைன்னுதான் எழுதியிருக்கேன்." "எதுக்கு உங்களுக்கு இது? பொண்ணுக்கு வேற வரன் பாத்துட்டிருக்கீங்க..." அது வரைக்கும் குரலை அடக்கிவைத்திருந்தவள், அந்த வார்த்தையில் அடக்க முடியாதவளானாள். "அதனாலதான் சார்" என்றாள், சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்து, தேநீர் டம்ளர் எடுக்க வந்த பாக்கியம் கதவிலேயே நின்றுவிட்டாள். "பாத்துட்டிருக்கேன், அதனாலதான். எந்தத் தண்ணின்னு யாரும் கேக்கலைன்னு நீங்க சொன்னீங்க. அவங்க அப்பா கேட்டாரு. என்கிட்ட கேட்டாரு, வாசல்ல நின்னு. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்." ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "என் குறிப்பு தனியா போடுவேன். எண்ணிக்கை குறைவு, முடிவா எடுத்துக்க முடியாதுன்னு" என்றார். "போடுங்க சார். என்னோடதும் போகட்டும்." அவர் மேலொப்பம் போட்டு, தேதியைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினார். தாளை நீட்டும்போது முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.

அறைக்குத் திரும்பியதும் உட்காராமலே விசாரணை அதிகாரி தனசேகருக்குப் போன் போட்டாள். அறிக்கை போய்ச் சேர ஒரு வாரம் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது. அவர் வண்டியில் இருந்தார், ஹாரன் சத்தத்துக்கு நடுவே இரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது. பிறகு வண்டி நின்ற சத்தம் கேட்டது. "பாத்ரூம் தொட்டியா மேடம்? அதை இடிச்சுட்டாங்களே. போன வாரம் நோட்டீஸ் குடுக்கப் போனப்ப பாத்தேன், பாத்ரூமைப் பெருசு பண்றோம்னு சொன்னாங்க." மங்கையர்க்கரசி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கோபம் ஏறி நின்றது, மதியமெல்லாம் ஒவ்வொரு முகமாகத் தேடி அலைந்த கோபம், இப்போது அசையாமல். "இடிச்ச சிமெண்டெல்லாம் எங்க கொட்டினாங்க?" என்று கேட்டாள். "எங்கயா? வீட்டுக்குப் பின்னாலயே காலி மனையில கெடந்துச்சு. வெறும் ரப்பிஷ் மேடம், வெயில்ல காஞ்சு போச்சு. அதுல இனிமே என்ன பாசி இருக்கப் போகுது?" "பாசி செத்துரும் சார். ஓடு கண்ணாடி, அது அப்படியே இருக்கும். சிமெண்டுப் பொந்துல ஒட்டிட்டு நூறு வருஷம் இருக்கும். தொட்டி உள்பக்கம் பூசின துண்டா, கறுப்பா கறை புடிச்சதா, குவியலுக்கு உள்ள மழை படாம இருக்கிறதா பாத்து எடுக்கணும். ஒவ்வொரு துண்டும் தனித்தனி உறையில, சீல் வச்சு, ரெண்டு சாட்சியோட." "இன்னிக்கே போகணுமா மேடம்? லாரி வச்சு அள்ளிருவாங்களோ என்னவோ... சரி, நாளைக்குக் காலையில போய்ப் பாக்குறேன்."

"பாக்காதீங்க சார்" என்றாள் மங்கையர்க்கரசி. "இப்பவே போய் அள்ளிட்டு வாங்க. எத்தனை மணி ஆனாலும் நான் இங்கதான் இருப்பேன்."